உண்மை நகல்

கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு நூறு கியாட்.
கரண்ட் போன நாளில்
ஜெனரேட்டருக்கும் சேர்த்து நூற்றைம்பது.
இந்த மாவட்டத்தின் சரித்திரம்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்துத்தான் போகிறது.
அதைத் திருப்பி முகம் பார்க்கிறவள் நான் ஒருத்தி.

லெப்பான்சாங் என்று ஊருக்குப் பேர்.
லெப்பான் என்றால் இலவு. சாங் என்றால் ஓடை.
காத்திருந்த கிளிகள் யார் யாரென்று
கட்டுக்கட்டாகக் கோர்ட்டில் இருக்கிறது.

முதலில் காடு வெட்டக் கோடாலி வந்ததாம்.
அப்புறம் சங்கிலி பிடித்து அளக்கிறவன்.
அவன் ஈரக்கால் தடத்திலேயே
குடையும் பெட்டியுமாக
வீ.எ.சொ. கடை மேலாள் ஏகப்பன்.
எல்லோருக்கும் கடைசியாக வந்தது நீதி,
படகில்,
நான்கு தேக்குத் தூணும் ஒரு மணியுமாக.
தூண் நட்ட வருஷம் எந்தத் தாளிலும் இல்லை.
மணிக்கு மட்டும் ரசீது இருக்கிறது:
ரங்கூன், பதினேழு ரூபாய், ஏற்றுகூலி தனி.

அந்தத் தூண்களை ஆறு கொண்டுபோயிற்று.
இரண்டாவது கோர்ட்டைச் சண்டை எரித்தது.
மூன்றாவதன் கூரை புயலோடு புறப்பட்டு
பள்ளிக்கூடத்து மைதானத்தில் இறங்கியது.
மணி மட்டும் ஒவ்வொரு தடவையும்
சேற்றிலிருந்து யாராவது எடுத்துவந்து மாட்டிவிடுகிறார்கள்.

இன்று காலை வக்கீல் தின் தின் வே
பூச்சி தின்ற கட்டு ஒன்றோடு வந்தாள்.
முப்பத்தொன்றாம் வருஷத்து வழக்கு.
வாதி: வீ.எ.சொ. கடை.
பிரதிவாதிகள்: மௌங் போ தௌ, மனைவி மா ந்யுன்.
நாற்பத்திரண்டு ஏக்கர்.
நூறு கூடை நெல்லின் விலை பாதியாகச் சரிந்ததும்
வட்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

நடுவே ஒரு தாள் தமிழில்.
"இது என்ன சொல்கிறது?" என்றாள்.
இந்தத் தெருவில் அதைப் படிக்க
நான்தான் மிச்சம்.
பேரேட்டு நகல், குறி சி.
பற்று, வரவு, பற்று, பற்று.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஏகப்பன்:
'பெண்சாதிக்குப் பிரசவம், தவணை வேண்டும் என்றான்.
ஊருக்கு எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.
இல்லை என்று சொல்லிவிட்டேன்.'

அடுத்த தாள் சாட்சி. அறுப்புக் கூலி செம்புலிங்கம்.
'வயல் யாருடையது என்று எனக்குத் தெரியாது எசமான்.
குனிந்தால் எல்லாம் ஒரே நெல்.'
கீழே கட்டைவிரல், மை அதிகமாகி வழிந்திருக்கிறது.
எங்கள் வீட்டிலும்
இந்தப் பேரில் ஒருவர் உண்டு.
வக்கீலிடம் அதைச் சொல்லவில்லை.

தீர்ப்பு கடைக்குச் சாதகம்.
மழை விட்டதும் அமீனா படகேறிப் போயிருக்கிறான்.
அவன் அறிக்கையை இரண்டு தடவை படித்தேன்:
'நிலத்தில் பத்தொன்பது ஏக்கரை ஆறு எடுத்துவிட்டது.
கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துத்
தமுக்கடித்துச் சுவாதீனம் கொடுத்தேன்.
ஆட்சேபணை யாரும் சொல்லவில்லை.'

ஏகப்பன் நாற்பத்திரண்டில் ஓடினான்.
கிட்டங்கிச் சாவியைக் கோர்ட்டில் கட்டிவைத்து
ரசீது வாங்கிக்கொண்டுதான் ஓடினான்.
சாவி இன்னும் அலமாரியில் இருக்கிறதாம்.
கிட்டங்கி இருந்த இடத்தில்
படகு மோட்டார் பழுதுபார்க்கிறார்கள்.
பிறகு நிலமெல்லாம் சர்க்காருக்கு என்று ஒரு சட்டம்,
அப்புறம் அதற்கொரு திருத்தம்.
அவையும் என் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவைதான்.

இப்போது எதிர்க்கரையில்
ஆறு ஒரு திட்டைத் திருப்பித் தந்திருக்கிறது.
இறால் கம்பெனி ஒன்று வேலி போட்டுவிட்டது.
போ தௌவின் வழியில் வந்த ஏழு பேர்
வாசலில் வெற்றிலை மென்றபடி நிற்கிறார்கள்.
திட்டின் அளவு தோராயமாகப் பத்தொன்பது ஏக்கர்.
ஆற்றுக்குக் கணக்குத் தெரியும் என்கிறாள் தின் தின் வே.
கரை அடுத்த மாவட்டம் ஆயிற்றே என்கிறேன் நான்.

பதினேழாம் பக்கத்தில் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
எதிரே மணி அடித்தார்கள்.
'உண்மை நகல்' முத்திரை விழுந்த பதினாறு தாளை
மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

மெஷின் வாயில் தொங்குகிறது மிச்சப் பக்கம்.
பேர் வரைக்கும் வெளியே வந்திருக்கிறது.
ஏக்கர் இன்னும் உள்ளே.